எந்தக் குழந்தை எந்த சிஸ்டருக்கு? பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிப்பங்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிஃப்ட் தொடங்கும்போது இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு பட்டியல் போடுகிறார்: இந்த மூன்று பேபி உனக்கு, அந்த நான்கு பேபி அவளுக்கு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் அடுத்த ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ எந்தக் குழந்தைக்குக் கவனிப்பு கிடைக்கும், எந்தக் குழந்தை காத்துக் கிடக்கும் என்பது அந்தப் பட்டியலில்தான் முடிவாகிறது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் என்ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை), எஸ்என்சியு (சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு) பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்களும் இன்சார்ஜ்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. பிரிட்டனின் மகப்பேறுகால மருத்துவச் சங்கம் வகுத்த தரம் பலருக்கும் தெரிந்தது: தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ஒருவர், அதற்கு அடுத்த நிலையில் இரண்டு குழந்தைக்கு ஒருவர், சிறப்புக் கவனிப்பு மட்டும் போதும் என்றால் நான்கு குழந்தைக்கு ஒருவர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் அமல்படுத்தியது. அங்கே பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையில் ஒரு செவிலியரிடம் இரண்டு குழந்தைகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நம் நாட்டில் மாவட்ட மருத்துவமனை எஸ்என்சியுக்களுக்கான 2011ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒரு ஷிஃப்டில் மூன்று முதல் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது.

இவையெல்லாம் தரைமட்டம். இதற்குக் கீழே போகக் கூடாது என்று சொல்கின்றனவே தவிர, இந்த எண்ணிக்கை வந்துவிட்டால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று எந்தக் கணக்கும் உறுதி தரவில்லை.

நான்கு குழந்தைகள்தானே, அதுவும் வென்டிலேட்டர் இல்லாதவை. அப்படியும் ஏன் திணறுகிறோம்?

ஆறு மணி நேர ஷிஃப்டைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 360 நிமிடம். நான்கு குழந்தைகளுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் ஃபீட் (குழாய் வழியே பால்) என்றால், ஒரு குழந்தைக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு ஃபீட். கை சுத்தம் செய்து, டியூபின் குறி உதட்டருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பாலை அளந்து, தானாக இறங்க விட்டு, டயப்பர் மாற்றி, வெப்பநிலை பார்த்து, எழுதி முடிக்க 15 நிமிடம். அவசரப்படுத்தி சிரிஞ்சை அழுத்தினால்தான் இது குறையும், அழுத்தவே கூடாது. பன்னிரண்டு ஃபீடுக்கு 180 நிமிடம் போய்விட்டது.

ஷிஃப்ட் ஏற்கவும் ஒப்படைக்கவும் சேர்த்து 30 நிமிடம். டாக்டர் ரவுண்ட்ஸ் 45. ஆன்டிபயாட்டிக் கலக்கிக் கொடுக்க 20. தாய்மாரிடம் பால் வாங்கி, பெயர் எழுதி, ஃப்ரிட்ஜில் வைக்க 20. வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை), சளி உறிஞ்சும் சக்ஷன், கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் சரிபார்க்க 15. ஆக 310 நிமிடம். மிச்சம் 50. வெளி மருத்துவமனையிலிருந்து ஒரு அவுட்பார்ன் பேபி வந்தால், வார்மரில் போட்டு, லைன் போட உதவி, சர்க்கரை பார்த்து, ரத்தம் அனுப்பி, கேஸ் ஷீட் திறக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு அட்மிஷன் வந்தால் போதும், கணக்கு உடைந்துவிடும். ஒரு குழந்தை பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணத்தில்) குடிக்கப் பழகுகிறது என்றால் அந்த 15 நிமிடமே 25, 30 ஆகிவிடும்.

வேலை மிஞ்சிப்போனால் முதலில் எது விடுபடும்?

வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் எந்த சிஸ்டரும் ஓடுவார். அது விடுபடாது. சத்தம் போடாத வேலைகள்தான் நழுவும், அதுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில். முதலில் தாயிடம் பேசுவது. அடுத்து வாயைத் தாய்ப்பாலால் துடைப்பது, குழந்தையின் படுக்கை நிலையை மாற்றுவது. பிறகு கங்காரு பராமரிப்பு: குழந்தையை லைன், ஒயரோடு தாய் மார்பில் வைக்க ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும், அந்த ஆள் இருக்க மாட்டார். அதற்கும் பிறகு போவவைதான் ஆபத்தானவை. ஐவி போட்ட இடத்தை மணிக்கொருமுறை பார்ப்பது, சிபாப் (மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) பிராங்கை, அதாவது மூக்கில் செருகும் முனையை, கழற்றி மூக்கைப் பார்ப்பது, மருந்து அளவை இன்னொருவரிடம் சரிபார்ப்பது.

சிபாபை எடுத்துக்கொள்வோம். பிராங்குக்கும் மூக்கின் நடுச்சுவருக்கும் இடையே சுமார் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தொப்பி சற்று நழுவினால் பிராங்க் அழுந்தும். முதலில் தோல் வெளுக்கும், பிறகு சிவக்கும், கவனிக்காவிட்டால் புண்ணாகி நடுச்சுவரே அரிக்கப்படும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் வெளுத்த நிலையிலேயே பிடித்திருக்கலாம். ஐவியும் அப்படித்தான். ஸ்பிளிண்டுக்கும் பிளாஸ்டருக்கும் கீழே வீக்கம் மறைந்திருக்கும். இன்னொரு கையோடு ஒப்பிட்டு, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட்டோ டோபமினோ ஓடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத் தாமதம் தோலைக் கருக்கிவிடும்.

இதில் ஒன்றை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். வேலை அதிகமான ஷிஃப்டில் சார்ட் காலியாக இருக்காது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் உட்கார்ந்து எல்லா மணி நேரக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பியிருப்பார்கள். ஆறு மணி நேரமும் ஒரே பேனா மை, ஒரே எண்கள் என்று இருந்தால் அந்த சிஸ்டரைத் திட்டாதீர்கள். அன்றைய பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பலமுறை. அமெரிக்காவில் 67 என்ஐசியுக்களில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அங்கேயே, வழிகாட்டிகளோடு ஒப்பிடும்போது, 31 சதவீதக் குழந்தைகளுக்குப் போதிய செவிலியர் இல்லை. கடும் நோயுற்ற குழந்தைகளை மட்டும் எடுத்தால் 68 சதவீதம். செவிலியர் குறைவான இடங்களில் மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று அதிகமாக இருந்தது. அதிகம் கவனிப்பு தேவைப்படும் குழந்தைக்கே அதிகம் பற்றாக்குறை என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இத்தனை என்று பிரிப்பதால் வரும் வினை அது. பிரிட்டனில் 2002இல் வெளியான பெரிய ஆய்வு, பிரிவு நிரம்ப நிரம்ப இறப்பு அபாயமும் ஏறுவதைக் காட்டியது.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது 2019இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. ஒரே என்ஐசியுவின் செவிலியர்களிடம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எந்தக் குழந்தைக்கு எந்தப் பராமரிப்பு விடுபட்டது என்று கேட்டார்கள். கூடவே, விமானிகள் போன்றோரின் வேலைச் சுமையை அளக்க நாசா 1980களில் உருவாக்கிய கேள்வித்தாளையும் நிரப்பச் சொன்னார்கள். மனச்சுமை, உடற்சுமை, நேர நெருக்கடி, எடுத்த முயற்சி, எரிச்சல், வேலை எவ்வளவு நன்றாக முடிந்தது என்று அதில் ஆறு அம்சங்கள். ஒருவரிடம் எத்தனை குழந்தைகள் இருந்தன என்பதைவிட, அந்த ஷிஃப்டில் அவர் உணர்ந்த சுமையே விடுபட்ட பராமரிப்போடு சீராகப் பொருந்தி நின்றது. "இன்றைக்கு முடியவில்லை" என்று ஒரு சிஸ்டர் சொன்னால் அதைப் புலம்பல் என்று ஒதுக்காமல், மானிட்டர் காட்டும் எண்ணைப்போல ஒரு அளவீடாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இந்த முடிவு.

ஆக்சிஜன் அளவுக்கும் பங்கீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 84க்கு இறங்கி அலாரம் அடிக்கிறது. சிஸ்டர் இன்னொரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடிவந்து ஆக்சிஜனை 30இலிருந்து 45 சதவீதத்துக்கு ஏற்றுகிறார். சேச்சுரேஷன் ஏறுகிறது, அலாரம் நிற்கிறது. அவர் திரும்பிப் போகிறார். இப்போது குழந்தை 99இல் இருக்கிறது. மேல் வரம்பு அலாரத்தை ஏற்கெனவே யாரோ 100இல் வைத்துவிட்டதால் அது அடிக்காது. இரண்டு நிமிடம் கூடவே நின்று படிப்படியாக இறக்கியிருக்க வேண்டும், அந்த இரண்டு நிமிடம் அவரிடம் இல்லை. ஒரு செவிலியரிடம் குழந்தைகள் கூடும்போது, சேச்சுரேஷன் வரம்புக்கு மேலே நிற்கும் நேரமும் கூடுகிறது என்று ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

இதன் விலை கண். மிகுதியான ஆக்சிஜன் விழித்திரை பாதிப்புக்கு முக்கியக் காரணம். 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு நான்காவது வாரத்தில் கண் பரிசோதனை செய்கிறோம். பரிசோதனை பாதிப்பைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். தடுக்க வேண்டிய இடம் அந்த வார்மர் பக்கத்தில்தான். ஆகவே ஆக்சிஜனில் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இரண்டு குழந்தைகளை ஒரே சிஸ்டருக்குக் கொடுக்க வேண்டாம். மேல் வரம்பை 95இல் வைத்திருக்கிறார்களா என்பதை ஷிஃப்ட் ஏற்கும்போதே பார்க்க வேண்டும்.

படுக்கை வரிசைப்படி பிரிப்பதில் என்ன தவறு?

எளிது, சண்டை வராது, அதனால்தான் எங்கும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கடும் நோயுள்ள குழந்தைகளை நர்சிங் ஸ்டேஷன் பக்கத்தில் சேர்த்துப் போடுவதும் நம் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்கு மட்டும் மலை. ஒரு புள்ளிக் கணக்கு போட்டால் கண்ணுக்குத் தெரியும். உதாரணத்துக்கு: வென்டிலேட்டர் 6, சிபாப் 3, மைய லைன் (பெரிய ரத்தக்குழாய் வரை செல்லும் குழாய்) 2, சாதாரண ஐவி 1, இரண்டு மணி டியூப் ஃபீட் 2, பாலாடை 3, அடிக்கடி மூச்சு நிற்பது 2, போட்டோதெரபி (மஞ்சள் காமாலைக்கு ஒளி சிகிச்சை) 1. இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் பிரிவில் ஒரு வாரம் வேலைகளை நேரம் பார்த்துக் குறித்து, கால் மணிக்கு ஒரு புள்ளி என்பது போல உங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பது குழந்தைகள், மூன்று சிஸ்டர்கள்.

1. வென்டிலேட்டர், தொப்புள் லைன் (இதுவும் மைய லைன்தான்): 8
2. சிபாப், மைய லைன், டியூப் ஃபீட்: 7
3. சிபாப், ஐவி: 4
4. டியூப் ஃபீட், போட்டோதெரபி: 3
5. ஐவி, போட்டோதெரபி: 2
6. பாலாடை: 3
7. டியூப் ஃபீட், மூச்சு நிற்பது: 4
8. போட்டோதெரபி மட்டும்: 1
9. பாலாடை, ஐவி: 4

வரிசைப்படி மூன்று மூன்றாகப் பிரித்தால் 19, 8, 9. காகிதத்தில் மூவருக்கும் மும்மூன்று குழந்தைகள், சமம். வேலையிலோ ஒருவர் மற்றவரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறார். மாற்றிப் பாருங்கள்: முதல் சிஸ்டருக்கு 1, 5. இரண்டாமவருக்கு 2, 4, 6. மூன்றாமவருக்கு 3, 7, 8, 9. இப்போது 10, 13, 13. குழந்தை எண்ணிக்கை 2, 3, 4. முதலாமவருக்கு 10 மட்டும் விட்டதற்குக் காரணம் உண்டு. வென்டிலேட்டர் குழந்தை எப்போது மோசமாகும் என்று சொல்ல முடியாது, அவருக்கு இடைவெளி வேண்டும். முறைப்படி அந்தக் குழந்தைக்குத் தனியாக ஒருவரே இருக்க வேண்டும். மூன்று பேர் மட்டுமே இருக்கும் நாளில் செய்யக்கூடியது இது.

புள்ளிகளைச் சமமாக்கினால் போதுமா?

போதாது. எந்த இரண்டு குழந்தைகள் ஒரே கையில் சேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வென்டிலேட்டர் குழந்தையையும் பாலாடைக் குழந்தையையும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். பாலாடையில் குடிக்கும் குழந்தையைப் பாதியில் கீழே வைத்துவிட்டு ஓடினால் அதற்குப் புரையேறும், ஓடாவிட்டால் மற்றக் குழந்தைக்கு ஆபத்து. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமி வளர்ந்த குழந்தையை மைய லைன் உள்ள சிறு குழந்தையோடு ஒரே கையில் சேர்க்க வேண்டாம். அவசரத்தில் முதலில் குறைவது கை கழுவுவதுதான். அடுத்தடுத்த வார்மர்களாக இருப்பது நல்லது. அறையின் இரு மூலைகளில் இரண்டு குழந்தைகள் என்றால் ஒன்றுக்கு எப்போதும் முதுகு காட்டித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஃபீட் நேரங்களையும் கலைத்துப் போடலாம். ஒரே சிஸ்டரின் எல்லாக் குழந்தைகளுக்கும் 8, 10, 12 என்று வைத்தால் பத்து மணிக்கு அவருக்கு நான்கு கை வேண்டும். இரண்டு குழந்தைகளை ஒற்றைப்படை மணிக்கு மாற்றிவிட்டால் செலவில்லாமல் பாதி நெருக்கடி போய்விடும். டாக்டரிடம் சொல்லி ஆர்டரில் நேரத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே.

இரட்டையர் என்றால் இருவரையும் ஒருவரிடமே கொடுப்பது தாய்க்கு வசதி. ஆனால் ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே எடை, ஒரே மருந்து என்பதால் மாற்றிக் கொடுத்துவிடும் அபாயம் கூடுதல். கையிலும் காலிலும் இரண்டு அடையாளப் பட்டை, "ட்வின் 1", "ட்வின் 2" என்று சிரிஞ்சிலும் பால் கிண்ணத்திலும் எழுதுவது கட்டாயம்.

நேற்றுப் பார்த்த சிஸ்டரே இன்றும் பார்க்க வேண்டுமா?

முடிந்தவரை ஆம். பச்சிளங்குழந்தையின் செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் கடும் தொற்று) பெரும்பாலும் "நேற்றைக்கு இருந்த மாதிரி இல்லை" என்பதில்தான் தொடங்குகிறது: கொஞ்சம் சோர்வு, பால் தங்கவில்லை, நிறம் லேசாக மங்கல். நேற்று பார்த்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் மிகக் கடினமான குழந்தையை ஒரே சிஸ்டரிடம் வாரக்கணக்கில் விட்டால் அவர் ஓய்ந்துபோவார். மூன்று, நான்கு ஷிஃப்டுக்குப் பிறகு கேளுங்கள். அவர் தொடர்கிறேன் என்றால் விடுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு எளிய குழந்தைகளையே கொடுக்கலாமா?

முதல் வாரங்களில் சரி. எப்போதும் அப்படியே வைத்தால் அவர் கற்க மாட்டார், மூத்தவர்கள்தான் கடினமானவற்றை எல்லாம் சுமப்பார்கள். மூத்தவருக்கு அடுத்த வார்மரில் புதியவருக்கு ஒரு சிபாப் குழந்தை, ஒரு ஃபீடிங் குழந்தை என்று கொடுங்கள். மூத்தவரின் புள்ளியில் இரண்டு, மூன்றைக் குறையுங்கள், ஏனெனில் சொல்லிக் கொடுப்பதும் வேலை. இரண்டு புதியவர்களை ஒரே அறையில் தனியாக நிறுத்த வேண்டாம். மருந்து அளவைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டும். பச்சிளங்குழந்தையின் அளவு 0.2 மி.லி., 0.4 மி.லி. என்று இருக்கும். புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். சரிபார்ப்பவரும் அதே அளவு புதியவர் என்றால் தவறு அப்படியே தாண்டிப் போகும்.

இன்சார்ஜ் சிஸ்டரும் குழந்தைகளை எடுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது என்பதே சரியான பதில். புது அட்மிஷன், லேபர் வார்டிலிருந்து அழைப்பு, ரத்த வங்கிக்கு ஃபோன், கெட்டுப்போன இன்ஃப்யூஷன் பம்ப், எல்லாம் அவரிடம்தான் வரும். ஆள் இல்லாமல் எடுத்தே ஆக வேண்டும் என்றால், டிஸ்சார்ஜுக்குத் தயாராக, தாயே பால் கொடுக்கும் குழந்தையை எடுக்கட்டும்.

ஷிஃப்ட் நடுவில் நிலைமை மாறினால்?

பட்டியலை மாற்ற வேண்டும். காலையில் போட்டது மாலை வரை என்ற பழக்கம்தான் பல இடங்களில் கேடு செய்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போதே "அடுத்த அட்மிஷன் யாருக்கு, அதற்கு அடுத்தது யாருக்கு" என்று எழுதி வையுங்கள். ஷிஃப்டின் பாதியில் இன்சார்ஜ் ஒரு சுற்று வந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: எது பாக்கி? யாருடைய குழந்தை மோசமாகிறது? மாற்றும்போது முழுக் குழந்தையையும் மாற்றுங்கள், வார்மர் பக்கத்தில் நின்று ஒப்படையுங்கள். "பாலை மட்டும் நீ கொடுத்துவிடு" என்று வேலையைத் துண்டு போட்டால், மணிக்கணக்கில் அந்தக் குழந்தையை முழுதாகப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

சாப்பாட்டு இடைவேளையும் இதில் சேரும். ஒருவர் சாப்பிடப் போனால் பக்கத்தில் இருப்பவரின் சுமை அரை மணி நேரத்துக்கு இரட்டிப்பாகிறது. கலிஃபோர்னியாவின் விகிதம் இடைவேளையிலும் பொருந்தும். நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் யார் போகும்போது யார் பார்ப்பது என்று பெயர் எழுதவும், இருவரும் ஃபீட் நேரத்தில் போகாமல் இருக்கவும் சட்டம் தேவையில்லை. இரவு 12 மணி நேர டியூட்டியில் இது இன்னும் முக்கியம். அதிகாலை 3 மணிக்கு மேல் கண் சொருகும் நேரத்தில்தான் ரத்த மாதிரி எடுப்பதும் எடை பார்ப்பதும் காலை ரவுண்ட்ஸுக்காகக் குவிகின்றன. எடையை மாலை ஷிஃப்டுக்கு மாற்றினால் ஒன்றும் கெடாது.

தாய்மாரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் ஆள் பற்றாக்குறை தீருமா?

தாய் உள்ளே இருப்பது குழந்தையின் உரிமை, செவிலியருக்கு மாற்று அல்ல. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பு தொடங்கிய குழந்தைகளில் முதல் 28 நாள் இறப்பு 12.0 சதவீதம், நிலைபெற்ற பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். 2017இல் மத்திய அரசும் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. கற்றுக்கொடுத்தால் தாயால் டயப்பர் மாற்ற முடியும், பாலாடையில் ஊட்ட முடியும், நிறம் மாறினால் முதலில் கூப்பிடுவதும் அவராகவே இருக்கும். ஆனால் கற்றுக்கொடுக்க முதல் இரண்டு, மூன்று நாள் சிஸ்டரின் நேரம் கூடுதலாகத்தான் ஆகும். அதைப் புள்ளியில் சேருங்கள். தாய் இருக்கிறார் என்று சொல்லி அந்த சிஸ்டரிடம் ஐந்தாவது குழந்தையைத் தள்ளினால், தாய்க்குக் கற்றுக்கொடுக்க ஆளே இருக்காது.

ஆள் போதவில்லை என்று மேலே எழுதினால் பலன் இருக்குமா?

"ஸ்டாஃப் பற்றாக்குறை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் ஃபைலில் போய்ப் படுக்கும். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான்கு விஷயங்களை ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை குழந்தைகள், மொத்தப் புள்ளி, எத்தனை செவிலியர், எது விடுபட்டது. விடுபட்டதை எழுதுபவரின் பெயர் வேண்டாம், பெயர் கேட்டால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். மாத முடிவில், தலைக்கு 13 புள்ளிக்கு மேல் போன ஷிஃப்டுகள் எத்தனை, அவற்றில் விடுபட்ட ஐவி பரிசோதனைகள் எத்தனை, அதே மாதம் செப்சிஸ் எத்தனை என்று ஒரே தாளில் எழுதி, துறைத் தலைவர், நர்சிங் கண்காணிப்பாளர் இருவரின் கையெழுத்தோடு டீனுக்கு அனுப்புங்கள். எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். "நைட்டுக்கு ஒருவர் கூடுதல்" என்று கேட்டால் அதை டெப்யூடேஷனிலாவது தர வழி இருக்கும். நோட்டின் ஒரு நகலைப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்சார்ஜ் மாறினாலும் கணக்கு தொடர வேண்டும்.